கிராவிட்டானைத் தாளில் கணக்கிட்டு அறிவது எப்படி

ஈர்ப்பு விசையைச் சுமந்து செல்வதாகக் கருதப்படும் கிராவிட்டான் என்னும் துகளை இதுவரை எவரும் கண்டதில்லை. ஆயினும் அது இருந்தால் எத்தகைய பண்புகளைக் கொண்டிருக்க வேண்டும், ஏன் கைக்கு அகப்படாமல் இருக்கிறது என்பதை, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த எவரும் ஒரு தாளையும் ஓர் அறிவியல் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு ஒரே மாலையில் கணக்கிட்டுவிடலாம். பொதுச் சார்பியலின் முழுக் கணிதமும் இதற்குத் தேவையில்லை. பத்தின் அடுக்குகளைப் பிழையின்றிக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும். நாம் தேடுவது துல்லியமான விடையை அன்று, விடையின் பருமனை. எனவே இடையில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு வேறுபாடு வந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்தின் அடுக்கு மாறிப்போனால் மட்டும் நின்று திரும்பிப் பாருங்கள்.

முதலில் தாளின் மேற்பகுதியில் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர். நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, மீட்டர்-கிலோகிராம்-நொடி அலகில், 6.67 × 10⁻¹¹. பிளாங்க் மாறிலி 6.63 × 10⁻³⁴ ஜூல் நொடி. அதையே 6.28 ஆல் வகுத்தால் கிடைக்கும் சுருக்கிய பிளாங்க் மாறிலி 1.05 × 10⁻³⁴. ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.6 × 10⁻¹⁹ ஜூல். முழு மாறிலியையும் சுருக்கிய மாறிலியையும் தனித்தனிப் பெயரிட்டு எழுதி வைப்பது நல்லது; முதன்முதலில் இக்கணக்கைப் போட்டபோது நான் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ முளைத்த ஆறு மடங்குப் பிழையை இரவு வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஐந்து எண்களிலிருந்து ஆறாவதாக ஒன்றை நீங்களே வருவித்துக்கொள்ள வேண்டும். சுருக்கிய மாறிலியை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஒளி வேகத்தின் மும்மடியால் வகுத்தால் 2.6 × 10⁻⁷⁰ சதுர மீட்டர் என்று வரும். இதன் வர்க்கமூலமான 1.6 × 10⁻³⁵ மீட்டர்தான் பிளாங்க் நீளம். கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த ஒரு நீளத்தோடு நமக்கு உள்ள வழக்குதான் என்று சொன்னால் மிகையாகாது.

பெயரும் பொருளும்

கிராவிட்டான் என்ற பெயரை 1934-இல் சோவியத் இயற்பியலாளர்களான திமித்ரி புளோகின்ட்செவும் கால்பெரினும் பயன்படுத்தினர். 1936-இல் லெனின்கிராடைச் சேர்ந்த மத்வேய் புரோன்ஸ்டைன், வலுக்குறைந்த ஈர்ப்புப் புலத்துக்குக் குவாண்டம் விதிகளைப் பொருத்தி, அதிலிருந்து நியூட்டனின் விதியைத் திரும்பப் பெறலாம் என்று காட்டினார். ஈர்ப்பும் குவாண்டமும் எளிதில் ஒட்டாது என்பதை முதலில் தெளிவாக உணர்ந்தவரும் அவரே. ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் சிக்கி 1938-இல் தம் 31-ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடரப் பல ஆண்டுகள் ஆயின.

அடுத்து, வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் ஈர்ப்பலை வேறு, கிராவிட்டான் வேறு என்பதைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ நிலையங்கள் பதிவு செய்தது ஈர்ப்பலையை. நெற்குவியலைத் தொலைவிலிருந்து பார்க்கிறவருக்குக் குவியலின் மேடும் சரிவும் தெரியும், நெல்மணி தெரியாது. ஒளி அலை ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்களால் ஆனது போல ஈர்ப்பலையும் மணி மணியாகத்தான் வருகிறது என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலான இயற்பியலாளர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள், நானும் அந்தப் பக்கமே. ஆனால் நம்பிக்கை அளவீடு ஆகாது.

தற்சுழற்சியை எப்படித் தீர்மானிப்பது

ஒரு துகளைப் பார்க்காமலேயே, அதன் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பைக் குறிக்கும் தற்சுழற்சி எண் 2 என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது பலருக்கும் விளங்காத இடம். இதை விலக்கி விலக்கி அறியலாம். விசையைச் சுமக்கும் துகளின் தற்சுழற்சி 1 ஆக இருந்தால், மின்விசையில் நடப்பது போல ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். நிறைகளோ எப்போதும் ஈர்க்கவே செய்கின்றன. ஆகவே 1 அடிபட்டுப் போகிறது.

எஞ்சுவது 0 அல்லது 2. தற்சுழற்சி 0 உள்ள துகள், ஒரு பொருளின் ஆற்றல் அடர்த்தியிலிருந்து மூன்று திசைகளிலும் அதன் அழுத்தத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் அளவோடு மட்டுமே பிணையும். சாதாரணப் பொருளுக்கு அழுத்தம் மிகச் சிறியது என்பதால் கழித்தும் ஏறத்தாழ முழு ஆற்றலும் மிஞ்சுகிறது. ஒளிக்கு அப்படி அன்று: ஒளியின் அழுத்தம் அதன் ஆற்றல் அடர்த்தியில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஒன்றிலிருந்து மூன்று மூன்றில்-ஒன்றுகளைக் கழித்துப் பாருங்கள், சுழி. அதாவது தற்சுழற்சி 0 உள்ள கிராவிட்டான் ஒளியைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஆனால் 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் எடுக்கப்பட்ட படங்கள் சூரியனருகே விண்மீன் ஒளி வளைவதைக் காட்டிவிட்டன. எனவே 0 என்பதும் போயிற்று, 2 நிற்கிறது. அதைவிடப் பெரிய எண்களுக்கு நெடுந்தொலைவு விசையைத் தாங்கும் ஆற்றல் இல்லை என்பதை 1960-களில் ஸ்டீவன் வைன்பெர்க் காட்டினார்.

தற்சுழற்சி 2 என்பதன் உருவத்தைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்பினால், நெகிழும் ரப்பர் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மேலும் கீழுமாக அழுத்தினால் அது பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவம் ஆகும். ஈர்ப்பலை தன் பாதைக்குக் குறுக்கே உள்ள எதையும் இப்படித்தான் ஒரு திசையில் நீட்டி, அதற்குச் செங்குத்தான திசையில் சுருக்குகிறது. அழுத்திய நிலையிலேயே வளையலைக் கால் சுற்று திருப்புங்கள்: நீளமும் அகலமும் இடம் மாறி, முந்தைய வடிவத்துக்கு நேர் எதிரானது தோன்றும். அரைச் சுற்று திருப்புங்கள்: தொடக்கத்தில் இருந்த வடிவமே திரும்பி வரும். ஒளியின் மின்புலத்தைக் குறிக்கும் அம்புக்குறி பழைய நிலைக்கு வர முழுச் சுற்று வேண்டும். அது தற்சுழற்சி 1. அரைச் சுற்றிலேயே திரும்புவது தற்சுழற்சி 2.

நிறையைப் பொறுத்தவரை, ஈர்ப்பு எத்தனை தொலைவானாலும் எட்டுவதால் கிராவிட்டானின் நிறை சுழியாகவோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருக்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதை லைகோ பதிவுகளிலிருந்து கணக்கிடலாம். துகளுக்கு நிறை இருந்தால் குறைந்த அதிர்வெண் பகுதி சற்று மெதுவாக வந்து சேரும். லைகோ, விர்கோ, காக்ரா ஆகிய ஈர்ப்பலை ஆய்வுக் குழுக்கள் பல நிகழ்வுகளைச் சேர்த்து வைத்து எட்டிய மேல் எல்லை 1.27 × 10⁻²³ எலக்ட்ரான் வோல்ட். இதன் பொருளை உணர, 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு கிராவிட்டானின் ஆற்றலைக் காணுங்கள்: முழு பிளாங்க் மாறிலியை 100 ஆல் பெருக்கினால் 6.6 × 10⁻³² ஜூல், அதாவது 4.1 × 10⁻¹³ எலக்ட்ரான் வோல்ட். நிறை எல்லையை இவ்வாற்றலால் வகுத்தால் 3 × 10⁻¹¹. அதை வர்க்கப்படுத்திப் பாதியாக்கினால் 5 × 10⁻²². ஒளியின் வேகத்திலிருந்து எத்தனை பங்கு குறையலாம் என்பது இதுவே. 2015-இல் பதிவான அலை வந்த 130 கோடி ஒளியாண்டுத் தொலைவைக் கடக்க 4.1 × 10¹⁶ நொடி ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் 2 × 10⁻⁵ நொடி. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய பிறகு ஒரு நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு பிந்துவதற்குத்தான் இடம் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சிறியதானாலும் கிராவிட்டானுக்கு நிறை உண்டென்றால், சூரியனின் விளிம்பருகே ஒளி வளைவு 1.75 வில்நொடிக்கு (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பதிலாக அதன் முக்கால் பங்கான 1.31 ஆக இருக்க வேண்டும் என்று 1970-இல் கணக்கு வந்தது. அளவீடுகள் 1.75-ஐயே மிகத் துல்லியமாக உறுதி செய்கின்றன. அப்படியானால் நிறை சரியாகச் சுழிதானே என்று முடித்துவிடத் தோன்றும்; ஆனால் 1972-இல் அர்க்காடி வைன்ஸ்டைன், சூரியன் போன்ற பெரும் நிறைக்கு அருகில் அந்தக் கணக்கு செல்லாது என்று சுட்டிக்காட்டினார். ஆகையால் இந்த ஒரு வாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஓர் அலையில் எத்தனை மணிகள்

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ஈர்ப்பலையின் வலிமையை, ஒரு நீளம் தன்னில் எத்தனை பங்கு மாறுகிறது என்பதைக் காட்டும் திரிபு என்னும் விகிதத்தால் அளக்கிறார்கள். 2015-இல் வந்த அலையின் உச்சத் திரிபு 10⁻²¹. லேசர் ஒளி சென்று திரும்பும், ஒன்றுக்கொன்று செங்குத்தான லைகோவின் 4 கிலோமீட்டர்க் கைகளில் இது உண்டாக்கிய நீள வேறுபாடு 4 × 10⁻¹⁸ மீட்டர். புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. இவ்வளவு அற்பமான அசைவைத் தந்த அலை சுமந்த ஆற்றலும் அற்பமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பைச் சோதித்துப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நொடியில் செல்லும் ஆற்றலைக் காண, ஒளி வேகத்தின் மும்மடியை ஈர்ப்பு மாறிலியால் வகுத்து, அதை 0.785 ஆல் பெருக்கி, பிறகு அதிர்வெண்ணின் இருமடியாலும் திரிபின் இருமடியாலும் பெருக்க வேண்டும். முதல் பகுதி 3.2 × 10³⁵ என்று வரும். அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் அதன் இருமடி 10⁴. திரிபின் இருமடி 10⁻⁴². பெருக்கினால் கிடைப்பது 3.2 × 10⁻³ வாட், அதாவது 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல். சூரிய ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் தருகிறது. முழுநிலவு அதைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு மங்கல். வகுத்துப் பார்த்தால் அதுவும் 3.4 மில்லிவாட். ஆக, அந்த 2015 செப்டம்பர் நாளில், ஐந்தில் ஒரு நொடி நேரம், நம் ஒவ்வொருவர் மீதும் பௌர்ணமி நிலவொளிக்கு நிகரான ஆற்றல் ஈர்ப்பலையாகப் பாய்ந்து சென்றது. எவருக்கும் மயிரிழையும் அசையவில்லை. வெளி என்பது எஃகைவிடப் பல கோடி கோடி மடங்கு விறைப்பானது. அதைத் துளி அசைக்கவே அத்தனை ஆற்றல் செலவாகிறது.

இந்த 3.2 மில்லிவாட்டை ஒரு கிராவிட்டானின் ஆற்றலான 6.6 × 10⁻³² ஜூலால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 5 × 10²⁸ கிராவிட்டான்கள். இந்த எண்ணுக்குள்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது: மணிகளுக்குப் பஞ்சமே இல்லை, ஒற்றை மணியைப் பிரித்தெடுப்பதற்குத்தான் வழி இல்லை.

ஒற்றை மணியை லைகோவால் உணர முடியுமா

100 ஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் 3,000 கிலோமீட்டர். ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு நீளமுள்ள ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் கனஅளவு 2.7 × 10¹⁹ கனமீட்டர். 3.2 மில்லிவாட்டை ஒளி வேகத்தால் வகுத்தால் ஒரு கனமீட்டரில் 1.1 × 10⁻¹¹ ஜூல். எனவே அக்கனசதுரத்துக்குள் சுமார் 2.9 × 10⁸ ஜூல் ஆற்றலும், அதில் 4 × 10³⁹ கிராவிட்டான்களும் இருந்தன. இவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டால் திரிபு எவ்வளவாகும்? ஆற்றல் திரிபின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 10⁻²¹-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலமான 6.6 × 10¹⁹ ஆல் வகுக்க வேண்டும். விடை 1.5 × 10⁻⁴¹.

ஒரு கையின் நீளம் திரிபில் பாதி விகிதத்தில் மாறும். லைகோவின் 4 கிலோமீட்டருக்கு அது 3 × 10⁻³⁸ மீட்டர்; பிளாங்க் நீளத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. சரி, கையை நீட்டிவிடுவோம் என்று பிடிவாதமாக அலைநீளம் அளவுக்கே, 3,000 கிலோமீட்டருக்கு நீட்டினாலும் கிடைப்பது 2.2 × 10⁻³⁵ மீட்டர்தான். தாளின் மேற்பகுதியில் எழுதிய ஆறாவது எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறோர் அதிர்வெண்ணை எடுத்துக்கொண்டு இதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து போட்டாலும் பிளாங்க் நீளத்தின் பருமனில்தான் வந்து நிற்பீர்கள்; இதை ஒரு முறையாவது செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவு சிறிய அசைவை அளக்க, கைகளின் முனைகளில் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிகள் தாமாக அதைவிடக் குறைவாக ஆட வேண்டும். நிச்சயமின்மைக் கொள்கையின்படி, கனமான பொருள்தான் குறைவாக ஆடும். தேவையான நிறையைக் காண, சுருக்கிய மாறிலியை அளவீட்டு நேரத்தால் பெருக்கி, அசைவின் இருமடியால் வகுக்க வேண்டும். ஒளி 3,000 கிலோமீட்டரைக் கடக்கும் நேரம் 0.01 நொடி, 1.05 × 10⁻³⁶-ஐ 5 × 10⁻⁷⁰ ஆல் வகுத்தால் 2 × 10³³ கிலோகிராம். இது ஆயிரம் சூரியன்களின் நிறை. ஒரு சூரிய நிறை கருந்துளையானால் அதன் ஆரம் 3 கிலோமீட்டர். ஆயிரம் சூரியனுக்கு 3,000 கிலோமீட்டர். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே நாம் விட்டிருந்த தொலைவும் அதே 3,000 கிலோமீட்டர். அதாவது கருவியைக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று விழுங்கிக் கருந்துளையாகிவிடும். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் முன்வைத்த இந்த வாதத்தின் அழகே, எந்தப் பொறியியல் குறைபாட்டின் மீதும் பழி போடாமல் இயற்கையே கதவை மூடுவதாகக் காட்டுவதுதான்.

பொருளால் விழுங்கச் செய்தால்?

இன்னொரு வழி, ஒளிமின் விளைவில் ஃபோட்டானை எலக்ட்ரான் விழுங்குவது போல, கிராவிட்டானை ஓர் எலக்ட்ரான் விழுங்கும் வரை காத்திருப்பது. ஓர் எலக்ட்ரான் கிராவிட்டானுக்குக் காட்டும் இலக்குப் பரப்பு, பருமனாக, பிளாங்க் நீளத்தின் இருமடியைப் போல நாற்பது மடங்கு: 10⁻⁶⁸ சதுர மீட்டர். ஒரு கிலோகிராம் பொருளில் சுமார் 3 × 10²⁶ எலக்ட்ரான்கள் இருப்பதால், 6 × 10²⁴ கிலோகிராம் எடையுள்ள பூமி முழுவதிலும் 1.8 × 10⁵¹. பெருக்கினால் பூமி முழுவதும் சேர்ந்து காட்டும் இலக்கு 1.8 × 10⁻¹⁷ சதுர மீட்டர். பக்கத்துக்கு 4 நானோமீட்டர் கொண்ட ஒரு சதுரம். கிராவிட்டானின் கண்ணில் இவ்வளவுதான் பூமி.

வெப்பத்தால் மோதிக்கொள்ளும் துகள்களிலிருந்து சூரியன் 6 முதல் 8 கோடி வாட் வரை கிராவிட்டான்களாக வெளியிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சூரிய மையத்தின் வெப்பநிலையில் ஒவ்வொன்றுக்கும் 1.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2.1 × 10⁻¹⁶ ஜூல் என்று கொண்டால், நொடிக்கு 3 × 10²³-க்கும் சற்று மேல் புறப்படுகின்றன. அவை பூமியின் தொலைவில் 2.8 × 10²³ சதுர மீட்டர்க் கோளத்தின் மீது பரவுவதால், சதுர மீட்டருக்கு நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. பூமியின் இலக்குப் பரப்பால் பெருக்குங்கள். சூரியனின் எஞ்சிய ஆயுளான 500 கோடி ஆண்டுகளில் உள்ள 1.6 × 10¹⁷ நொடிகளாலும் பெருக்குங்கள். பூமி முழுவதையும் கருவியாக்கி அத்தனை காலம் காத்திருந்தால் மூன்று அல்லது நான்கு கிராவிட்டான்கள் சிக்கும். இதற்கிடையில் அதே சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் நொடிக்கு 6 × 10¹⁴ நியூட்ரினோக்கள், எதோடும் எளிதில் மோதாத நுண்துகள்கள், போய்க்கொண்டிருக்கும்; அவற்றின் மோதல்களிலிருந்து கிராவிட்டானைப் பிரித்தறிய வேண்டும்.

சூரியனை விட்டு இன்னும் வலிமையான மூலத்தைத் தேடலாமே என்ற கேள்விக்கு இயற்பியலாளர்கள் டோனி ராத்மனும் ஸ்டீஃபன் பாஃனும் 2006-இல் விடை சொன்னார்கள். வியாழன் கோளின் நிறையுள்ள, சிறிதும் பழுதில்லாத ஒரு கருவியை நியூட்ரான் விண்மீன் ஒன்றின் அருகில் சுற்றவிட்டால், மிகச் சாதகமான நிலையிலும் பத்தாண்டுக்கு ஒரு கிராவிட்டான். நியூட்ரினோக்களைத் தடுக்கச் சுற்றிலும் கவசம் எழுப்பினால், தேவைப்படும் தடிமனில் அக்கவசமே கருந்துளையாகச் சரிந்துவிடும். மூடிய கதவு இரண்டாவது முறையும் அதே தாழ்ப்பாளால் மூடப்படுவதைக் கவனியுங்கள்.

செய்திகளை எடைபோடும் முறை

கிராவிட்டான் சிக்கிவிட்டது என்று தலைப்பு வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அது ஈர்ப்பு விசையைப் பற்றியதுதானா? 2024 மார்ச்சில் காலியம் ஆர்சனைடு குறைகடத்தி ஒன்றில், வலுவான காந்தப்புலத்தில் இருந்த எலக்ட்ரான் திரவத்தில், தற்சுழற்சி 2 கொண்ட ஒரு கூட்டு அசைவு காணப்பட்டது. கணித வடிவம் கிராவிட்டானுடையதை ஒத்திருப்பதால் அதற்குக் கிராவிட்டான் அதிர்வுப் பாங்கு (graviton mode) என்று பெயர். ஆய்வு உயர்தரமானது, ஆனால் ஆப்பிள் கீழே விழுவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பல தளங்களில் வந்த தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டன.

இரண்டாவது கேள்வி, காணப்போவது மணியையா, மணியால் மட்டுமே விளக்கக்கூடிய ஒன்றையா என்பது. அதே 2024-இல் இகோர் பிகோவ்ஸ்கி குழுவினர் ஒரு வழியை முன்மொழிந்தனர். 1960-களில் ஜோசப் வெபர் ஈர்ப்பலையைப் பிடிக்கத் தொங்கவிட்ட அலுமினியத் தண்டைப் போன்ற ஒன்றை, இனிக் குளிர்விக்க முடியாத அளவுக்கு, அதன் அடிமட்ட அதிர்வு நிலைக்குக் குளிர்வித்து வைத்திருப்பது. லைகோ அலையைப் பதிவு செய்யும் அதே கணத்தில் தண்டின் அதிர்வு ஒரே ஒரு படி ஏறுகிறதா என்று பார்ப்பது. ஒரு மணியை விழுங்கும் வாய்ப்பு மிகச் சிறியதானாலும், நாம் மேலே கணக்கிட்ட 5 × 10²⁸ என்ற வெள்ளம் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. டைசனின் தடையைச் சுற்றிச் செல்லும் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு படி ஏறியதைக் கண்டால் கிராவிட்டானைக் கண்டதாகுமா? ஒளிமின் விளைவை, ஒளி வெறும் அலை என்று வைத்துக்கொண்டே, எலக்ட்ரானுக்கு மட்டும் குவாண்டம் விதிகளைப் பொருத்தி விளக்கலாம் என்று 1969-இல் வில்லிஸ் லாம்பும் மார்லன் ஸ்கல்லியும் காட்டினர். ஒளி மணிகளாகவே வருகிறது என்பதை ஐயமற நிறுவிய சோதனை, ஒற்றை அணு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை விடுவதில்லை என்று கிம்பிள், டஜனே, மாண்டல் ஆகியோர் 1977-இல் காட்டியதே. தண்டுச் சோதனை வெற்றி பெற்றால் அது முன்னதற்கு இணை, பின்னதற்கு இணை அன்று. அதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவை விளக்கிய 1905-க்குப் பிறகு ஒளியின் கதையும் அங்கிருந்துதான் நகர்ந்தது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. என் கணிப்பில் கைக்கு மிக அருகில் வரக்கூடியது இதுவே. மணியைத் தேடாமல், ஈர்ப்பு விசை குவாண்டம் பின்னலை, அதாவது இரண்டு பொருள்களின் நிலைகளைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைக்கும் உறவை, உண்டாக்குமா என்று கேட்பது அது. 2017-இல் சௌகதோ போஸ் தலைமையிலான குழுவும், கியாரா மார்லெட்டோ, விளாட்கோ வெட்ரல் இருவரும் தனித்தனியே இதை முன்மொழிந்தனர். இரண்டு சிறு படிகங்களை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் மேற்பொருந்திய நிலையில் வைத்து, அருகருகே விழவிட வேண்டும். அவற்றுக்கிடையே ஈர்ப்பு மட்டுமே செயல்பட்டும் பின்னல் உண்டானால், ஈர்ப்பை வெறும் பழைய பாணிப் புலமாகக் கருத முடியாது என்பது வாதம். அது கிராவிட்டானையே காட்டியதாகுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இதன் கணக்கு ஒரே வரிதான். ஈர்ப்பு மாறிலியை நிறையின் இருமடியாலும் நேரத்தாலும் பெருக்கி, சுருக்கிய மாறிலியாலும் தொலைவாலும் வகுத்தால் கட்ட வேறுபாடு, அதாவது குவாண்டம் அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பது, கிடைக்கும்; அது ஒன்றுக்கு அருகில் இருந்தால் பின்னல் தெளிவாகத் தெரியும். நிறை 10⁻¹⁴ கிலோகிராம், தொலைவு 200 மைக்ரோமீட்டர், நேரம் 2.5 நொடி என்று இட்டுப் பாருங்கள்: மேலே 1.67 × 10⁻³⁸, கீழே 2.1 × 10⁻³⁸, விடை 0.8 ரேடியன். இதுவரை நாம் கண்ட 10⁻⁴¹, 10⁻⁶⁸ போன்ற எண்களுக்குப் பிறகு, ஒன்றுக்கு அருகில் ஓர் எண் வருவது மூச்சு விடுவது போல இருக்கும். தடை இப்போது நிறையில் இருக்கிறது. 2019-இல் வியன்னாவில் மேற்பொருந்திய நிலைக்குக் கொண்டுவரப்பட்ட மூலக்கூறுகளின் நிறை 25,000 அணு நிறை அலகுகளுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 4 × 10⁻²³ கிலோகிராம். தேவைப்படுவது அதைவிடச் சுமார் 24 கோடி மடங்கு. இந்த எண்ணைத் தாளின் கடைசி வரியில் எழுதித் தேதியையும் போட்டு வையுங்கள். இதைவிடப் பெரிய நிறையை எட்டியதாக எங்கிருந்து செய்தி வந்தாலும், இந்த ஒரு வகுத்தலை மட்டும் திரும்பப் போட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.